உப்புத் துருவுக்காகப் பிடித்துக்கொண்ட முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்: உங்களிடம் இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்த வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆறு நாள் கடலோரக் கிராமப் பயணம் – பழுதான சைக்கிள்கள், கிடைக்காத உதவி, பிடித்துக்கொண்ட முன்பணம்

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த மாதம் நானும் என் அக்காவும் உங்கள் கடலோரச் சைக்கிள் பயணத்துக்குப் பணம் கட்டிப் போய் வந்தோம். சைக்கிள், பக்கவாட்டுப் பைகள், போனில் பார்த்துக்கொண்டு போக வழித்தடக் கோப்பு, இரவுத் தங்கல், அவசர உதவி எண் எல்லாம் உங்கள் பொறுப்பு. ஓட்டுவது மட்டும்தான் எங்கள் வேலை. திரும்பி வந்த பத்தாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. இரண்டு சைக்கிளிலும் உப்புத் துரு ஏறியிருக்கிறது, ஒன்றில் சீட் தண்டு இறுகிப்போயிருக்கிறது, பின்சக்கரக் கம்பிகள் உடைந்திருக்கின்றன, எல்லாம் வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று எழுதி, முன்பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

அந்தக் 'கவனக்குறைவு' என்ற சொல்தான் பணத்தைவிட அதிகமாக வலிக்கிறது. ஆறு நாளும் நாங்கள் அந்தச் சைக்கிள்களை எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

முதலில் சீட் தண்டு. சைக்கிளை வாங்கிய அன்று காலை, அக்காவின் உயரத்துக்கு சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்த வேண்டியிருந்தது. உங்கள் கடைப் பையன் போல்ட்டைத் தளர்த்திவிட்டு இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், ரப்பர் சுத்தியலால் தட்டியும் பார்த்தார். அசையவில்லை. "கொஞ்சம் டைட்டா இருக்குக்கா, இப்படியே ஓட்டிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை, தன்னால் ஆனதைச் செய்தார். ஆனால் எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு கிரீஸ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்து, உப்பு ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் அரித்துக்கொண்டு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் பழுது பார்ப்பவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஆறு நாளில் அப்படி ஆகாது. நீங்கள் தரும்போதே இறுகியிருந்த தண்டு அது. அதனால் அக்கா ஓட்டிய நாளெல்லாம் முட்டி மடங்கியபடியே மிதித்தாள், இரவில் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டுதான் படுத்தாள். இப்போது அதே தண்டுக்கு எங்களிடம் பணம் பிடித்திருக்கிறீர்கள்.

செயினும் அப்படித்தான். புது செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். தேய்ந்தால் நீளும். அந்த நீட்சி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு ஆனாலே மாற்ற யோசிக்க வேண்டும். முதல் நாள் இரவே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், என் சைக்கிள் செயினில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் நீண்டிருந்தது. கண்ணிகளுக்கு நடுவே செந்நிறத் துரு, அதன் மேல் புதிதாகத் தெளித்த எண்ணெய். கேரியரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையிலும் அதே துரு. கடலோரம் ஓடும் வண்டிக்கு துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடுவது பெரிய செலவா? கிளம்பும் முன் உங்கள் வாசலில் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, நாளும் நேரமும் பதிவாகி. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே போயிற்று, அதையும் சொல்ல வேண்டும். விடியும் முன் கிளம்பிவிடுவோம். பகலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடேறுவதால் முற்பகலில் கடற்காற்று எழும்பி, பிற்பகலில் பலமாக அடிக்கும். அதற்கு முன்னால் தூரத்தை முடித்துவிட வேண்டும். உப்பங்கழி ஓரம், காற்றே இல்லாத காலையில், தண்ணீரில் நம் சைக்கிளின் நிழல் கூடவே வரும் அந்த முதல் மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். அந்த ஊர்களின் பாதையைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவருக்குக் கடற்கரை பிடிக்கும் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் உங்கள் வழித்தடக் கோப்பு எங்களைத் தார்ச் சாலையிலிருந்து இறக்கி ஒரு மண் பாதையில் விட்டது. அரைக் கிலோமீட்டரில் மண் பாதை தீர்ந்து வெறும் மணல்மேடு. செயற்கைக்கோள் படத்தில் அது பாதை மாதிரி தெரிந்திருக்கலாம். யாராவது ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தக் கோட்டை வரைந்திருக்க மாட்டார்கள். 28 மி.மீ. டயர் உலர்ந்த மணலில் கத்தி மாதிரி இறங்கிவிடும். "அலை ஓரம் ஈர மணல் கெட்டியாத்தானே இருக்கு, அதுல ஓட்டிடலாம்" என்றாள் அக்கா. அவள் சொன்னது சரிதான், ஓட்டியிருக்கலாம். நான்தான் வேண்டாம் என்றேன். ஈர மணலில் ஓட்டினால் உப்புத் தண்ணீர் தெறித்து செயினிலும் பேரிங்கிலும் ஏறும், வாடகை வண்டி, பாழாகிவிடும் என்று. அதனால் 4 கிலோமீட்டர் உலர்ந்த மணலில் தள்ளிக்கொண்டே நடந்தோம். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கவனக்குறைவு என்று எழுதியவர் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டும்.

சாலைக்குத் திரும்பியபோது உச்சி வெயில், காற்றும் எழும்பிவிட்டது. ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, என் பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். பல்சக்கரப் பக்கத்துக் கம்பி ஒன்று, மையத்தில் வளைந்து நுழையும் இடத்தில் வெட்டியது போல் உடைந்திருந்தது. சக்கரம் பெண்டாகி, சுற்றுக்கு ஒருமுறை பிரேக் கட்டையில் உரசியது. அவசர எண்ணுக்கு அழைத்தேன். பதினொரு முறை. நான்கு முறை மணி அடித்து நின்றது, மற்ற ஏழு முறையும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. நீங்கள் கொடுத்த கருவிப் பையில் பஞ்சர் ஒட்டும் சாமானும் பம்பும் சாவிகளும் இருந்தன. மாற்றுக் கம்பி ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பக்கத்துக் கம்பியைக் கோக்க பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதற்கான சாவியும் இல்லை. நடு ரோட்டில் நட்டாற்றில் விட்டது போல் நின்றோம்.

படகு இன்ஜின் பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் கைகொடுத்தார். உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டி, இரு பக்கத்துக் கம்பிகளை இறுக்கும் சிறு நட்டான நிப்பிளையும் கால் திருப்பு திருப்பி, பிரேக்கைச் சற்றுத் தளர்த்திவிட்டார். பைகளை அக்காவின் சைக்கிளுக்கு மாற்றச் சொன்னவரும் அவர்தான். பணம் கொடுத்தும் வாங்கவில்லை. அப்படியும் 9 கிலோமீட்டரில் இன்னொன்று, மறுநாள் காலை மூன்றாவது. ஐந்தாம் நாள் மிதிக்கவே இல்லை, பயணத்தில் ஒரு முழு நாள் சரக்கு வண்டி தேடியே போயிற்று.

இது ஏன் நடந்தது என்று உங்கள் மெக்கானிக்கைக் கேளுங்கள். ஆளும் பையும் சேர்ந்த எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரம் தாங்குகிறது. அதிலும் பல்சக்கரப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் இழுவிசை அவற்றில்தான் கூடுதல். அதனால்தான் சுமை ஏற்றிப் போகும் சைக்கிளுக்கு 36 கம்பிச் சக்கரத்தைத் தேடிப் போடுகிறார்கள். நீங்கள் கொடுத்ததில் எண்ணிப் பார்த்தேன், 28. ஊருக்குள் ஓட்ட நல்ல வண்டி. அதில் கேரியரை மாட்டி, இரண்டு பையைத் தொங்கவிட்டு, நெடுந்தூர வண்டி என்று எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள்.

கடைசியாக அந்தத் துரு. கடற்கரைக் காற்றில் உப்புத் துளி மிதந்து வருகிறது, இரும்பின் மேல் படிகிறது, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. மழையே பெய்யாவிட்டாலும் துரு வரும். அதைத் தெரிந்துதான் ஒவ்வொரு மாலையும் வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து, மேலாக ஊற்றிக் கழுவி, பழைய துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டோம். பேரிங்கில் தண்ணீர் புகக்கூடாது என்று குழாயில் பீய்ச்சி அடிக்கவில்லை. ஆனால் நீங்கள் ஏற்பாடு செய்த ஆறு தங்குமிடங்களில் நான்கில் சைக்கிள் நிறுத்த இருந்தது சுவர் இல்லாத கூரைக் கொட்டகை. அதில் ஒன்று அலைக்கு ஐம்பது அடி தூரம். இரவு முழுக்க உப்புக்காற்றில் நிற்க வைத்தது யார்? கடலோரப் பயணம் என்று விற்றுவிட்டு, கடலின் உப்புக்கு வாடிக்கையாளரிடம் பணம் கேட்பது எந்த வகையில் நியாயம்?

சரி, நான் கேட்பது இதுதான். முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். ஓட்ட முடியாமல் போன ஐந்தாம் நாளுக்கான கட்டணத்தையும் கழித்துத் தாருங்கள். 'கவனக்குறைவு' என்று எழுதிய கடிதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அடுத்த குழுவை அனுப்பும் முன் அந்த மணல் பாதையைக் கோப்பிலிருந்து நீக்குங்கள். இதற்கு மட்டும் 15 நாள் காத்திருக்க வேண்டாம், இன்றே செய்யலாம். தனியாக வரும் ஒருவர் அந்த வெயிலில் தண்ணீர் தீர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அவசர எண்ணை எடுக்க ஓர் ஆளை வையுங்கள். மற்றவற்றுக்கு 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

கிளம்பும் முன் எடுத்த 7 படங்கள், அழைப்புகளின் பதிவு, மணல் பாதை தொடங்கும் இடத்தைக் குறித்த வரைபடம், உடைந்த மூன்று கம்பிகள் ஆகியவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கம்பிகளின் வளைவில் உடைந்த முகத்தைப் பாருங்கள், பாதிக்கு மேல் பழைய துரு இருக்கிறது. புதிதாக உடைந்த பகுதி மட்டும்தான் வெள்ளையாக மின்னுகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்