படத்தில் ஒன்பது பேர், புத்தகம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு லெபோ பசாரில் 26 வருடமாகப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒருபக்கம் பூக்கடை, இன்னொருபக்கம் வடைக்கடை.

போன ஞாயிறு மலரில் ஒரு கவிதை நூல் வெளியீட்டுப் படம் போட்டிருந்தீர்கள். மேடையில் பொன்னாடையோடு ஒன்பது பேர்; எண்ணிப் பார்த்தேன். முதல் நூலை யார் வாங்கினார், எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார் என்பதும் இருந்தது. எழுதிய பெண் ஓரத்தில் பாதி முகமாக நிற்கிறார். நூலில் இருந்து ஒரு வரி இல்லை, விலை இல்லை, எங்கே கிடைக்கும் என்றும் இல்லை.

அன்றைக்கே மூன்று பேர் படத்தைக் காட்டி, "அண்ணே, இந்தப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டார்கள். இருந்தது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, பத்துப் பிரதியைப் பையில் சுமந்து வந்து, "வித்தா காசு குடுங்க, இல்லாட்டி திருப்பிக் குடுங்க" என்று அந்தப் பெண்ணே வைத்துவிட்டுப் போனார். அச்சடித்தது 300. சட்டப்படி தேசிய நூலகத்துக்கு 5 போயிற்று. விழாவில் பண உறை கொடுத்து வாங்கியவர்கள் கொஞ்சம். மிச்சம் அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில்.

கூட்டம் இல்லாத மத்தியானத்தில் வாசித்தேன். பட்டர்வொர்த் பக்கத்துப் பிறை ஃபேக்டரி பஸ்ஸில் இரவு வேலை முடிந்து வரும் அம்மா, ஜன்னல் கண்ணாடியில் தலை முட்ட முட்டத் தூங்குவதைப் பற்றி ஒரு கவிதை. பக்கத்துப் பூக்கடை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மாலை கட்டியபடியே கேட்டுவிட்டு, "முன் சீட்டுல தூங்க முடியாது தம்பி, டிரைவர் பேசிக்கிட்டே வருவான். பின்னால உக்காந்திருப்பாங்க" என்றார். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் உங்கள் பக்கத்தில் படித்ததில்லை, மன்னிக்கவும்.

1950-இல் தமிழ் நேசன் 'கதை வகுப்பு' நடத்தி வாசகர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பத்திரிகையும் 2019-இல் நின்றுவிட்டது. வகுப்பெல்லாம் வேண்டாம். அடுத்த முறை படத்தில் நாலு பேரை வெட்டுங்கள். அந்த இடத்தில், எழுதியவரைக் கேட்டு, ஒரு கவிதை, விலை, ஒரு தொலைபேசி எண் போடுங்கள், போதும்.

பத்தில் இரண்டு மிச்சம். விலை 20 வெள்ளி. ஒன்றின் அட்டையில் வடை எண்ணெய் பட்டுவிட்டது; அதை 15-க்குத் தருகிறேன், குறைவது என் கமிஷனில்.

இப்படிக்கு,
ஒரு பத்திரிகைக் கடைக்காரர், பினாங்கு