7ஆம் எண் சட்டை: ட்ரூ ஹென்சனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ட்ரூ ஹென்சன்,

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரே கேள்விதான்: பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இந்த வருடம் யார்? போன வருடம் ஆடியவர் படிப்பு முடிந்து போயிருப்பார், அல்லது வேறு கல்லூரிக்குத் தாவியிருப்பார். மிச்சமிருக்கும் இரண்டு மூன்று பேரில் முதல் ஆட்டத்துக்கு யாரை இறக்குவது என்று சொல்லாமல் பயிற்சியாளர் இழுத்தடிப்பார். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் மிச்சிகனின் 1999 கதையை எடுத்துவிடுகிறார். "டாம் பிரேடியையே பாதி நேரம் உட்கார வைத்தார்கள், தெரியுமா?" பிரேடி பின்னாளில் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் ஆனவர் இல்லையா, உடனே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் உங்கள் பெயர் பெரும்பாலும் வராது. வந்தாலும் "யாரோ ஒரு ஹென்சன்".

அந்த யாரோ ஒரு ஹென்சனுக்காகத் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தியவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

1999 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் வந்து இறங்கினேன். ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தவன். செப்டம்பர் முதல் சனிக்கிழமை, அறைத் தோழன் மாணவர் டிக்கெட் ஒன்றைக் கையில் திணித்து, நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்துக்கு இழுத்துப் போனான். மிச்சிகன் மைதானம் அப்போது வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியது. வாசலைத் தாண்டியதும்தான் ஒரு பிரம்மாண்டக் கிண்ணத்தின் விளிம்பில் நிற்கிறோம் என்று புரியும். உள்ளே ஒரு லட்சம் பேருக்கு மேல். திருவிழாக் கூட்டம் பார்த்து வளர்ந்த எனக்கே கால் கூசியது.

முதல் கால் பகுதி முழுக்க 10ஆம் எண் பந்து வீசினார். இரண்டாம் கால் பகுதி தொடங்கியதும் அவர் போய் ஓரத்தில் நின்றுகொண்டார். 7ஆம் எண், அதாவது நீங்கள், உள்ளே வந்தீர்கள். "அவருக்கு அடிபட்டுவிட்டதா?" என்று கேட்டேன். தோழன் அலுத்துக்கொண்டான். "இல்லை, ஏற்பாடே அப்படித்தான். முதல் பகுதி பிரேடிக்கு, இரண்டாம் பகுதி ஹென்சனுக்கு. அரைநேரத்தில் பயிற்சியாளர் லாயிட் கார் யோசித்து, மீதி ஆட்டத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்."

எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. இரண்டு பேருக்கும் வாய்ப்பு, அப்புறம் அன்றைக்கு யார் நன்றாக ஆடுகிறாரோ அவர். இதில் என்ன தப்பு? அது எவ்வளவு விசித்திரம் என்று புரிய எனக்கு அக்டோபர் வரை ஆயிற்று.

இனி வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான், கூட நின்று படிக்கிற தமிழர்களுக்காகச் சொல்கிறேன். கிரிக்கெட்டில் இரண்டு நல்ல விக்கெட் கீப்பர்கள் இருந்தால் ஒருவர் கையுறை போட்டுக்கொள்ளலாம், இன்னொருவரை மட்டையாளராக மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக்குக்கு அந்த வழி கிடையாது. 11 பேரில் ஒருவர்தான் அந்த இடத்தில் நிற்க முடியும். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரணி நிற்கும் வரிசையைப் பார்த்து, வந்த கட்டளையை அப்படியே செய்வதா மாற்றுவதா என்று சில நொடிகளில் முடிவெடுப்பவர் அவர். அவர் பந்து சுழலும் விதம், குரல் கொடுக்கும் தாளம் எல்லாம் மற்ற பத்துப் பேருக்கும் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பயிற்சியில்தான் வரும். பயிற்சிக்கோ வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று கல்லூரி விளையாட்டு விதி. அந்த 20 மணி நேரத்தையும் இரண்டாகப் பிளந்தால் இருவருக்குமே அரைவயிறுதான். இரண்டு குவார்ட்டர்பேக் இருக்கிறார்கள் என்றால் ஒருவரும் இல்லை என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று அந்த அக்டோபரில் விளங்கியது.

நியாயமாகப் பார்த்தால் அந்த நாற்காலி பிரேடியுடையது. கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோவிலிருந்து 1995இல் வந்தவர். 1997இல் பிரையன் கிரீஸி ஆட, மிச்சிகன் ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது, பிரேடி பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். 1998இல் இடம் கிடைத்தது, அந்தப் பருவத்தில் 10 வெற்றி, 3 தோல்வி. 1999இல் சக வீரர்கள் அவரை அணித் தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்கு மேல் ஒருவர் என்ன செய்து காட்ட வேண்டும்?

ஆனால் மறுபக்கம் நீங்கள் இருந்தீர்களே. ஆன் ஆர்பருக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் பிரைட்டன் ஊர்ப் பையன். பள்ளி பேஸ்பாலில் 70 ஹோம் ரன் அடித்துத் தேசிய சாதனை. 1998இல் நியூயார்க் யாங்கீஸ் உங்களை எடுத்துக்கொண்டு, கோடையில் எங்களுக்கு பேஸ்பால் ஆடு, இலையுதிர் காலத்தில் கல்லூரியில் கால்பந்து ஆடிக்கொள் என்று விட்டது. ஆறடி நாலங்குல உயரம், ஓடவும் தெரியும், தோள் பீரங்கி. மாணவர் பகுதியில் நாங்கள் உங்கள் பக்கம் சாய்ந்ததில் அதிசயம் என்ன? கூட நின்றவர்கள் பிரேடி தவறாக வீசிய பந்துகளை ஒரு வருடமாகப் பார்த்திருந்தார்கள். நீங்களோ இன்னும் தவறு செய்யக்கூட நேரம் கிடைக்காதவர். எதிர்க்கட்சியாக இருப்பதில் உள்ள சுகம் அது.

முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி என்பதால் ஏற்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அக்டோபர் 9, கிழக்கு லான்சிங்கில், அதே மாநிலத்தின் இன்னொரு கல்லூரியான மிச்சிகன் ஸ்டேட்டுடன் ஆட்டம். அரைநேரத்தில் கார் உங்களைத் தேர்ந்தெடுத்தார். அணி 17 புள்ளி பின்தங்கியது. பிரேடியைத் திரும்ப இறக்கினார். அவர் வீசி வீசி கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டார், ஆனாலும் 34-31இல் தோல்விதான். அடுத்த ஆட்டம் எங்கள் மைதானத்தில், இல்லினாயுடன். 27-7 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 35-29இல் தோற்றோம். அன்று வெளியே வரும்போது அத்தனை பேர் நடந்தும் செருப்புச் சத்தம்தான் கேட்டது. அந்த ஆட்டத்தில் பிரேடி 300 கெஜத்துக்கு மேல் வீசியிருந்தார். அத்தோடு கார் பங்கு பிரிப்பதை நிறுத்தினார். மிச்சப் பருவம் முழுக்க 10ஆம் எண்தான். ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. புத்தாண்டு நாளில், பருவத்தின் முடிவில் நடக்கும் ஆரஞ்சு பௌல் ஆட்டம்: அலபாமாவுக்கு எதிராக இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கி, இரண்டு முறையும் மீண்டு, கூடுதல் நேரத்தில் 35-34. பிரேடி 369 கெஜம், எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்த்த நான்கு டச்டவுன் வீச்சு.

தொலைக்காட்சியில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஓரத்தில் உங்களைத் தேடினேன். 19 வயதுப் பையன், தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குக் கிடைக்காமல் போன இடத்தில் இன்னொருவர் இப்படி ஆடுவதைப் பார்க்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று. கேமரா காட்டவில்லை.

2000இல் உங்கள் முறை வந்தது. பருவம் தொடங்கும் முன்பே கால் எலும்பு முறிந்தது. திரும்பி வந்து 18 டச்டவுன் வீசினீர்கள், எதிரணி பறித்தது வெறும் 4. பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டை அவர்கள் ஊர் கொலம்பஸுக்கே போய் 38-26இல் வென்றீர்கள். இதை யாருமே சொல்வதில்லை, எனக்கு அதில்தான் கோபம். உங்கள் இருவருக்குமான அந்தப் போட்டியில் மிச்சிகனிடம் இருந்தது ஒரு வைரமும் ஒரு கூழாங்கல்லும் அல்ல. 2001இல் இன்னொரு வருடம் ஆடியிருந்தால், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதுக்கு உங்கள் பெயர் அடிபட்டிருக்கும். மார்ச்சில் யாங்கீஸ் ஆறு வருடத்துக்கு 1.7 கோடி டாலர் நீட்டியது. போனீர்கள். அதைக் குறை சொல்கிறவர்கள் அந்தத் தொகையை வேண்டாம் என்று சொல்லிப் பழகியவர்களாக இருக்க வேண்டும்.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் 8 ஆட்டம், 9 முறை மட்டை பிடித்து ஒரே ஒரு ஹிட். 2004இல் மீதமிருந்த 1.2 கோடி டாலரை விட்டுவிட்டுக் கால்பந்துக்கே திரும்பினீர்கள். அந்த வருட நன்றி நவிலல் நாளில் தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல்லில், டல்லாஸ் கௌபாய்ஸுக்காக முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கிவைத்தீர்கள், சிகாகோவுக்கு எதிராக. அரைநேரத்தில் பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் உங்களை எடுத்துவிட்டு வினி டெஸ்டவெர்டியை இறக்கினார். மறுபடியும் அரைநேரம்! டல்லாஸ் வென்றது. என்எஃப்எல்லில் தொடக்கத்திலேயே நீங்கள் இறங்கியது அந்த ஒரு ஆட்டம்தான்.

1999இல் கிழக்கு லான்சிங்கில் எதிர்ப்பக்கம் நின்ற பயிற்சியாளர் நிக் சேபன். 18 வருடம் கழித்து, 2018 ஜனவரியில், கல்லூரிகளின் தேசிய இறுதி ஆட்டத்தின் அரைநேரத்தில், தான் அப்போது பயிற்றுவித்த அலபாமா 13-0 பின்தங்கியிருந்தபோது ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்து டூவா டகோவைலோவாவை இறக்கி வென்றவர் அவரே. சேபன் செய்தது மேதைமை, கார் செய்தது முட்டாள்தனம் என்று இன்று சொல்கிறார்கள். இருவரும் செய்தது ஒரே வேலைதான்: அரைநேர இடைவேளைக்குள் யாரோ ஒரு பையனின் முகத்தைப் பார்த்து 'நீ இல்லை' என்று சொல்வது. ஹர்ட்ஸும் பிற்பாடு ஒக்லஹோமா கல்லூரிக்கு மாறி, பின் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போய் வென்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரைக் கிண்டல் செய்கிறவர்களிடம் நான் இன்னொன்றும் கேட்பேன். அணிகள் கல்லூரி வீரர்களை ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொள்ளும் 2000 என்எஃப்எல் தேர்வில் பிரேடி 199ஆவது ஆள். ஆரஞ்சு பௌல் ஒளிப்பதிவு எல்லா அணிகளிடமும் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் 198 முறை வேறு யாரையோ எடுத்தார்கள்; கடைசியில் அவரை எடுத்த பேட்ரியாட்ஸும் அதில் சேர்த்தி. கடைசிவரை பார்த்தால், கார் அவருக்குத்தானே வேலையைக் கொடுத்தார்?

இன்னொரு கதையும் உண்டு, இது கொஞ்சம் மரியாதையாகச் சொல்லப்படுவது: நீங்கள் நெருக்கியதால்தான் பிரேடி பிரேடி ஆனார் என்று. எனக்கு இது கிண்டலைவிட மோசம். உங்களைச் சாணைக்கல் ஆக்கிவிடுகிறார்கள். நீங்கள் யாருடைய கத்தியையும் தீட்ட வரவில்லை, ஆட வந்தீர்கள்.

இப்போதெல்லாம் இந்த மாதிரிப் போட்டி முளையிலேயே முடிந்துவிடுகிறது. அன்று கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். இன்று அந்தத் தடை இல்லை, 2021க்குப் பிறகு விளம்பரப் பணமும் வருகிறது. இன்றைய நாளாக இருந்தால் உங்கள் இருவரில் ஒருவர் ஜனவரியிலேயே மூட்டை கட்டியிருப்பார். பாதிப் பாதி ஆட்டத்தை ஏழு வாரம் பொறுத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

கடைசியாக, என் சட்டை. நோட்டர் டேம் ஆட்டத்துக்கு மறுவாரம் கையிலிருந்த காசைப் போட்டு, 7 என்று எழுதிய நீலச் சட்டை ஒன்று வாங்கினேன். கல்லூரி வீரர்களின் பெயரைச் சட்டையில் போட்டு விற்க அப்போது விதி இடம் தராது, எண் மட்டும்தான். 2004இல் சாட் ஹென்னே வந்து அதே எண்ணை அணிந்தார், நான்கு வருடம் ஆடினார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் மளிகைக் கடையில் யாராவது என் முதுகைப் பார்த்து "ஹென்னே!" என்று கையை உயர்த்துவார்கள்.

"இல்லை, ஹென்சன்" என்பேன்.

கொஞ்சம் யோசிப்பார்கள். "பிரேடிக்கு முன்னாலா, பின்னாலா?"

"கூடவே" என்பேன்.

அன்புடன்,
அன்று மாணவர் பகுதியில் நின்ற ஒருவன்