புதுசா வந்த லேப்ரடார் நாய் பத்தி, எல்லாரும் படிங்க

நேத்து ராத்திரி கூட்டிட்டு வந்தவ, ஈத்துக்கு மேல ஈத்தா குட்டி போட வச்சே ஓய்ஞ்சு போயிருக்கா, மடி தொங்கிப்போச்சு, கம்பிக் கூண்டுலயே நின்னு நின்னு கால் விரலெல்லாம் விரிஞ்சு கிடக்கு, புல்லுல கால் வைக்கவே நடுங்குறா. பாவமா இருக்குன்னு தட்டு நிறைய சாப்பாடு வச்சிடாதீங்க ப்ளீஸ்! பட்டினி கிடந்த உடம்புல திடீர்னு நிறைய போனா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம்ங்குற உப்புங்களோட அளவு சட்டுனு குறைஞ்சு உயிருக்கே ஆபத்து, டாக்டர் சொன்ன அளவு மட்டும் 4 வேளையா பிரிச்சு குடுங்க. கிட்ட போறவங்க தலைக்கு மேல கை நீட்டாம பக்கவாட்டுல உக்காருங்க, அவளே வந்து மோந்து பாக்கட்டும். காலைல என் கைய ஒரு தடவ நக்கினா, அழுகையே வந்துடுச்சு. கருத்தடை ஆபரேஷன் உடம்பு தேறினப்புறம்தான், அதுக்கு முன்னாடி யாருக்கும் தத்து குடுக்குறதில்ல.