குழாயை அறுக்கும் முன் ஒரு வார்த்தை

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். பதில் எழுதவில்லை என்று நீ திட்டியதை வட்டியோடு பெற்றுக்கொண்டேன், அது போதும். இந்த முறை என்னை உடனே எழுத வைத்தது உன் கடிதம் அன்று, அதோடு நீ அனுப்பிய வரைபடம். உன் வானொலிக்கு ஆன்டெனாவாக நீ வரைந்திருக்கும் ஒரு மீட்டர் விட்டமுள்ள செப்புக் குழாய் வளையத்தை எட்டுத் துண்டுகளாக அறுத்து, முனைக்கு முனை திருகு வைத்து, முதுகுப்பையில் அடுக்கிக்கொண்டு மலையேறப் போகிறாயாமே! ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு இதைப் படி. உன் பழைய குடைக்கம்பி விவகாரத்தின்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று, எதையும் எடைபோட்டே பார்க்கும் நம் நண்பர் தராசுக்காரர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கணக்கு என்றாலே உனக்குக் கொட்டாவி வரும் என்பது தெரியும்; ஆனாலும் இதில் கணக்குதான் எல்லாமே. 14 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் ஏறத்தாழ 21 மீட்டர். உன் வளையத்தின் சுற்றளவோ 3.14 மீட்டர். இவ்வளவு சிறிய வளையத்தின் கதிர்வீச்சு மின்தடை 94 மில்லி ஓம் அளவுக்குத்தான் வரும். அந்தப் பங்கில் சேரும் ஆற்றல் மட்டுமே அலையாக வெளியேறும், மற்றதெல்லாம் வெப்பம். அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.018 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடிவிடுவதால், 10 மில்லிமீட்டர் குழாயாக இருந்தாலும், ஓர் இணைப்புகூட இல்லாத நிலையிலேயே அதன் இழப்பு மின்தடை 98 மில்லி ஓம் ஆகிவிடுகிறது. அதாவது, எந்தக் குறையும் இல்லாத வளையமே நீ கொடுக்கும் 5 வாட்டில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் மீதியை வானில் விடுகிறது. இனி உன் எட்டுத் திருகு இணைப்புகளுக்கு வருவோம். ஒவ்வொன்றும் வெறும் 5 மில்லி ஓம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 40 மில்லி ஓம் கூடி, அலையாக வெளியேறும் பங்கு 40 விழுக்காட்டுக்கு இறங்குகிறது.

இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பாய். 7 மெகாஹெர்ட்ஸில் என்ன ஆகிறது என்று பார். அலைநீளம் இரட்டித்ததும் கதிர்வீச்சு மின்தடை பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கி 6 மில்லி ஓமுக்கு வந்துவிடுகிறது. உன்னுடைய ஒரே ஒரு திருகு, முழு ஆன்டெனாவும் அலையாக அனுப்புவதற்கு ஈடான ஆற்றலைத் தின்னும் என்பதே இதன் பொருள். இணைப்பே இல்லாவிட்டாலும் 8 விழுக்காடு கிடைக்கும் இடத்தில் எட்டு இணைப்புகளோடு 5 விழுக்காடுதான் கிடைக்கும். 5 வாட்டில் கால் வாட். மழையில் நனைந்து செம்பு கறுத்த பிறகு அந்தத் திருகுகள் 5 மில்லி ஓமிலேயே நிற்கும் என்றும் எனக்கு நம்பிக்கையில்லை. எடையைக் குறைக்க அலுமினியம் ஆகாதா என்று கேட்டிருந்தாய். குழாயாக மட்டும் பார்த்தால் அது செம்பைவிட 28 விழுக்காடுதான் கூடுதலாக இழக்கும், சற்றுத் தடித்த குழாயால் ஈடுகட்டிவிடலாம். ஆனால் காற்றுப் பட்டதும் ஆக்சைடு படியும் உலோகத்தில் எட்டு இணைப்புகளா? வேண்டவே வேண்டாம்.

1960களில் அமெரிக்கத் தரைப்படை கழற்றிப் பூட்டும் எண்கோண வளையத்தைப் பயன்படுத்தியதே என்று எனக்கே பாடம் நடத்துகிறாய். அந்த வளையத்தின் அளவை நீ பார்க்கவில்லை போலும். வளையத்தின் விட்டம் இருமடங்கானால் கதிர்வீச்சு மின்தடை பதினாறு மடங்காகிறது, குழாயின் இழப்போ இரு மடங்குதான். பெரிய வளையம் சில திருகுகளை மன்னித்துவிடும். உன் முதுகுப்பை வளையம் மன்னிக்காது.

என் யோசனை இதுதான். தடித்த கோஆக்ஸ் கேபிளை (நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோகப் பின்னலும் உள்ள கேபிள்) 3.14 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டி, அதன் வெளிப்பின்னலையே வளையமாகப் பயன்படுத்து, உள்கம்பியை மறந்துவிடு. பின்னல் வழவழப்பான குழாய்க்கு நிகராகாது, சற்றே கூடுதலாக இழக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளையத்தை டியூன் செய்யும் மின்தேக்கியின் இரு முனைகளிலும் ஈயப் பற்று வைத்துவிட்டால் இடையில் ஒரு திருகும் இல்லை. கழற்றாமலே சுருட்டிப் பையில் வைத்துவிடலாம். மின்தேக்கிக்குப் பழைய வால்வு வானொலியின் இரட்டை அடுக்குக் காற்று மின்தேக்கியை எடு. அதன் இரண்டு நிலைத்தகட்டு (சுழலாத தகடுகளின்) அடுக்குகளில் மட்டும் வளையத்தை இணைத்தால் இரு பாதிகளும் தொடரில் அமைந்து, உராய்ந்து தொடும் சுழலச்சு இணைப்பு மின்னோட்டப் பாதையிலிருந்தே விலகிவிடும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 43 பிகோஃபாரட்டும் 7 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 170-ம் வேண்டும். வெறும் 5 வாட்டிலேயே அதன் முனைகளில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்பதால், டிரான்சிஸ்டர் வானொலியின் பிளாஸ்டிக் மின்தேக்கியை இந்தப் பக்கமே கொண்டுவராதே. குமிழுக்கு நீளமான, மின்கடத்தாத அச்சு வை. கை அருகில் போனாலே டியூன் நகர்ந்துவிடும். மின்தேக்கிக்கு நேரெதிரே வானொலியின் ஆற்றலைப் பெரிய வளையத்துக்குக் கொடுக்க 20 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு சிறு இணைப்பு வளையம் போதும், அதை இரண்டு பத்திகளுக்கு விவரிக்க வேண்டிய தேவையில்லை.

எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா வானொலியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1-க்கு 1 காட்டியது, டியூனும் சுலபமாக அமைந்தது என்று நீ துள்ளி எழுதப்போவதை இப்போதே காண்கிறேன். அந்தச் சுலபத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். இழப்பு கூடக்கூட வளையம் டியூன் மாற்றாமலே வேலை செய்யும் அதிர்வெண் வீச்சின் அகலமும் கூடும், டியூன் செய்வதும் எளிதாகும். ஆகவே ஆன்டெனாவை அளக்கும் அனலைசர் கருவியில், எஸ்.டபிள்யூ.ஆர். 1-க்குப் பொருந்திய பிறகு, இருபுறமும் அது 2.62-ஐத் தொடும் இரு அதிர்வெண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை அளந்து பார். 14 மெகாஹெர்ட்ஸில் அது 10 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருந்தால் மேலே சொன்ன பாதிக்குப் பாதிக் கணக்கு பலித்துவிட்டது எனலாம். 25 காட்டினால் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே போகிறது. பிறகு மீட்டர் எவ்வளவு அழகாக நின்றாலும் எனக்குக் கவலையில்லை.

அடுத்தது, வளையத்தை முதுகில் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு நடந்தபடியே பேசும் உன் கனவு. நடப்பவர்கள் பலர் நெட்டை ஆன்டெனாவைப் பையில் செருகி, பின்னால் தரையில் ஒரு கம்பியை இழுத்துக்கொண்டு போவார்கள். வளையத்துக்கு அந்த வால் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் 10 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஆன்டெனா ஒவ்வோர் அடிக்கும் உன் உடல் அசைவால் இடம் மாறிக்கொண்டிருக்கும். அதைவிட, வளையத்தை ஒட்டிய காந்தப்புலம் 5 வாட்டிலும் அலட்சியப்படுத்தக்கூடியதன்று. நட்டுவைத்து, இரண்டு மீட்டராவது தள்ளி உட்கார். இதில் விளையாட்டு வேண்டாம். நம் மூத்தவருக்கு இதயமுடுக்கி பொருத்தியிருக்கிறார்கள் என்பது உனக்கு இன்னும் தெரியாது என நினைக்கிறேன். உன்னோடு வரும் ஆசையை என்னிடம் சொன்னார். மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறும்வரை அவரை ஒலிபரப்பும் எந்த ஆன்டெனாவுக்கும் அருகில் அழைத்துச் செல்லாதே. அவரே வற்புறுத்துவார், அப்போதும் மறுத்துவிடு.

இவ்வளவும் எழுதிவிட்டு நீ கோபித்துக்கொள்ளும்படி ஒன்றைச் சொல்கிறேன். உச்சியில் இடம் இருந்தால், 6 மீட்டர் கண்ணாடி இழைக் கம்பமும் 10 மீட்டர் கம்பியும் பொருத்தும் மின்மாற்றியும் இந்த வளையத்தை 14 மெகாஹெர்ட்ஸில் வெல்லும். மலையுச்சிகளிலிருந்து வானொலியில் பேசுவோருக்காக 2002-இல் தொடங்கிய சம்மிட்ஸ் ஆன் தி ஏர் திட்டம் கேட்கும் அந்த நான்கு தொடர்புகளும் கம்பியில் சீக்கிரம் முடிந்துவிடும். பாறை இடுக்கிலோ, கம்பியை விரிக்க முடியாத கூட்டத்திலோ, ஒரு பக்கத்து இரைச்சலை வளையத்தின் அச்சைத் திருப்பி அடக்க வேண்டிய இடத்திலோதான் வளையம் தன் மதிப்பைக் காட்டும். நீ குறிப்பிட்ட உச்சி முதல் வகையா, மூன்றாம் வகையா என்று எழுதவே இல்லை. அதையும், அளந்த அகலத்தையும், தராசுக்காரருக்காக மொத்த எடையையும் எழுதி அனுப்பு. குழாயை அறுக்கும் பேச்சை அதன் பிறகு பேசலாம்.

73 (நம் வானொலிக்காரர் மொழியில் வாழ்த்துகள்),
உன் பழைய எதிர்முனைக்காரன்