கிளிக் எங்கிருந்து வந்தது? வன்னியில் கூகுள் விளம்பரம் நடத்தித் தரும் முகவர்களுக்குத் திறந்த மடல்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் கடைக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் கூகுளில் விளம்பரம் போட்டுத் தரும் முகவர்களுக்கு வணக்கம்.

மாதக் கடைசியில் நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் அறிக்கையில் பெரும்பாலும் மூன்று எண்கள்தான் இருக்கின்றன: எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை கிளிக், எவ்வளவு காசு. அந்தக் கிளிக் எங்கிருந்து வந்தது என்று அதில் இல்லை. காசு கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பதிலும் உங்கள் கையிலேயே இருக்கிறது.

தேடல் விளம்பரம் கூகுள் பக்கத்தில் மட்டும் வரும் என்றே கடைக்காரர் நினைக்கிறார். புதிதாக ஒரு சேர்ச் கம்பெயின் (தேடல் விளம்பரத் தொகுப்பு) திறந்தால் ‘சேர்ச் பார்ட்னர்ஸ்’, ‘டிஸ்பிளே நெட்வேர்க்’ (மற்றத் தளங்களிலும் செயலிகளிலும் விளம்பரம் காட்டும் வலை) இரண்டுக்கும் சரி அடையாளம் ஏற்கெனவே விழுந்திருக்கும். நீங்களாக எடுத்தால்தான் போகும். பார்ட்னர் என்பது கூகுளின் தேடல் பெட்டியையோ ‘தொடர்புடைய தேடல்கள்’ என்ற இணைப்புகளையோ தன் தளத்தில் வைத்து, கிளிக் காசில் பங்கு வாங்கும் தளம். நல்ல தளங்களும் உண்டு. ஆனால் பல வருடமாக அவை எல்லாவற்றையும் ஒரே வரியில் கூட்டித்தான் கூகுள் காட்டியது. 2023 நவம்பரில் அடாலிடிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம், ஆபாசத் தளங்களிலும் அமெரிக்கா தடை விதித்த நாட்டுத் தளங்களிலும் பெரிய நிறுவனங்களின் தேடல் விளம்பரங்கள் வந்ததாக அறிக்கை வெளியிட்டது. கூகுள் அதை மறுத்தது. ஆனாலும் 2024 மார்ச்சிலிருந்து கணக்கு மட்டத்தில் நாம் விலக்கும் தளங்கள் பார்ட்னர் பக்கத்திலும் விலக்கப்படுகின்றன. மைக்ரோசொஃப்ட் விளம்பரத்தில் எந்தத் தளத்திலிருந்து எத்தனை கிளிக், எவ்வளவு செலவு என்ற அறிக்கை அதற்கு முன்பே இருந்தது. செய்ய முடியாத காரியமென்று யாரும் சொல்ல வேண்டாம்.

கம்பெயின் அட்டவணையில் ‘செக்மென்ட்’ அழுத்தி, ‘நெட்வேர்க் (சேர்ச் பார்ட்னர்ஸ் உட்பட)’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு கம்பெயினும் கூகுள் தேடல், பார்ட்னர், டிஸ்பிளே என்று பிரிந்து நிற்கும். ‘கொலம்ஸ்’ பகுதியில் ‘இன்வலிட் கிளிக்ஸ்’ என்பதையும் சேருங்கள்: கூகுள் தானே போலி என்று கழித்து, காசு எடுக்காமல் விட்டவை அவை. கடைக்காரரின் பக்கத்திலும் அடையாளம் விழ வேண்டுமென்றால், ‘ஃபைனல் யூஆர்எல் சஃபிக்ஸ்’ பெட்டியில் ‘நெட்வேர்க்’ என்ற வேல்யூட்ராக் குறியை (கிளிக் விவரத்தைக் கூகுள் தானே நிரப்பும் குறி) போட்டால் போதும். பக்கத்துக்கு வரும் முகவரியின் வாலில் ‘ஜி’ என்றால் கூகுள், ‘எஸ்’ என்றால் பார்ட்னர், ‘டி’ என்றால் டிஸ்பிளே. பெர்ஃபோமன்ஸ் மெக்ஸ் கம்பெயினில் (ஒரே கம்பெயினைக் கூகுளின் எல்லா இடங்களிலும் தானாகப் பரப்பும் வகை) விளம்பரம் எங்கே போகும் என்பதில் நம் பிடி குறைவு. சின்னக் கடைக்கு முதல் கம்பெயினாக அதைத் திறந்து கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

குறைந்த தரக் கிளிக் எல்லாம் மோசடி அல்ல. பாதி நம் சொற்களால் வருவது. ‘மன்னார்’ என்று புரோட் மெச்சில் (தொடர்புடைய தேடல்களுக்கும் விளம்பரம் காட்டும் அமைப்பு) போட்டால் மன்னார்குடியும் மன்னார் வளைகுடாவும் தேடுகிறவர் வருவார். ‘வன்னி’ என்றால் வன்னி மரம் வரும், தமிழ்நாட்டுச் சாதி அரசியல் வரும். நெகட்டிவ் சொல் (இதைத் தேடினால் விளம்பரம் வேண்டாம் என்று கொடுக்கும் சொல்) போட்டாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். நெகட்டிவ் சொல் எழுத்துப் பிழையைத் தவிர மற்ற நெருங்கிய வடிவங்களைப் பிடிக்காது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வருவதால் ‘மன்னார்குடி’, ‘மன்னார்குடியில்’, ‘மன்னார்குடிக்கு’ ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். ஆங்கிலத்தில் பழகிய கை இங்கேதான் சறுக்குகிறது. 2020 செப்டெம்பரிலிருந்து சேர்ச் டேர்ம்ஸ் அறிக்கையில் (மக்கள் உண்மையில் தேடிய சொற்களின் பட்டியல்) குறைவாகத் தேடப்பட்ட சொற்கள் மறைக்கப்படுகின்றன. சிறிய மாவட்டத்தில் பெரும்பகுதி அந்த மறைவுக்குள் போய்விடும்.

இடத் தெரிவும் அப்படித்தான். இயல்பாக இருப்பது ‘அந்த இடத்தில் இருப்பவர் அல்லது அதில் ஆர்வம் காட்டியவர்’. லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) திருத்தும் கடைக்கு அதை ‘இருப்பவர்’ என்று மாற்றாவிட்டால், டொரொன்டோவில் கிளிநொச்சிக் காணி விலை பார்ப்பவரின் கிளிக்குக்கும் காசு போகலாம். அதே அமைப்பு ஓகஸ்ட் மடுத் திருவிழாவுக்கு வவுனியாவில் அறை தேடும் நீர்கொழும்புக் குடும்பத்தைக் கொண்டுவரும், அது வியாபாரம். ஒடியலும் பனங்கட்டியும் அனுப்புகிறவருக்கு வெளிநாட்டுக்கென்று தனிக் கம்பெயின் போடுங்கள், கலக்காதீர்கள்.

ஐபி விலக்கை (குறிப்பிட்ட இணைய முகவரிக்கு விளம்பரம் காட்டாமல் தடுப்பது) மருந்துபோல விற்பவர்களும் இருக்கிறார்கள். கைத்தொலைபேசி டேட்டாவில் பலர் ஒரே பொது ஐபியைப் பகிர்கிறார்கள். ஒன்றைத் தடுத்தால் வாடிக்கையாளரும் சேர்ந்து போவார். கிளிக் 100, அனலிட்டிக்ஸில் (தளத்துக்கு வந்தவரை எண்ணும் கருவி) வருகை 60 என்றாலும் உடனே மோசடி என்று கத்த வேண்டாம். பாரமான பக்கம் மெதுவான சிக்னலில் திறக்குமுன் மூடினவர்களும் அந்த 40க்குள் இருப்பார்கள்.

உண்மையான கேடு வேறிடத்தில். படிவம் நிரப்பினால் ‘கன்வேர்ஷன்’ (பலன்) என்று வைத்து ஸ்மார்ட் பிடிங்கை (கூகுளின் மெஷினே ஏலத் தொகையைத் தீர்மானிப்பது) ஓட விடுகிறீர்கள். பொட் (தானாக இயங்கும் நிரல்) படிவம் நிரப்புகிறது. நல்ல பலன் என்று நினைத்து மெஷின் அந்தப் பக்கமே கூடுதலாக ஏலம் கேட்கிறது. அறிக்கையில் செலவு குறைந்து பலன் கூடும், கடையில் போன் அடிக்காது. ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்ட அழைப்பை மட்டும் எண்ணுங்கள். படிவத்தில் கிளிக் ஐடியை (ஒவ்வொரு கிளிக்குக்கும் கூகுள் தரும் தனி அடையாளம்) மறைவான பெட்டியில் சேமித்து, உண்மையில் வாங்கியவரை மட்டும் 90 நாளுக்குள் கணக்கில் திருப்பி ஏற்றுங்கள்.

செலவைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாளாந்தம் 1,000 ரூபா என்று போட்டால் ஒரு நாளில் 2,000 வரை போகலாம், மாதத்துக்கு 30.4 மடங்கு, அதாவது 30,400 ரூபாதான் உச்சம். இது தெரியாததால்தான் பாதிச் சண்டை.

கணக்கு கடைக்காரரின் மின்னஞ்சலில், அவரது அட்மின் உரிமையோடு திறக்கப்பட வேண்டும்; நீங்கள் மெனேஜர் கணக்கால் (பல வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து நடத்தும் கணக்கு) இணையுங்கள். செலவு, கிளிக், காட்சி எண்ணிக்கையை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும், உங்கள் கட்டணம் உண்டென்பதைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று கூகுளின் மூன்றாம் தரப்புக் கொள்கையே சொல்கிறது. நாங்கள் கேட்பது அதைவிட ஒரு படி கூட: அடுத்த மாத அறிக்கையோடு நெட்வேர்க் பிரிப்பு, கூகுள் காட்டும் அளவுக்குப் பார்ட்னர் தளங்களின் பெயர், இன்வலிட் கிளிக் எண்ணிக்கை, இடவாரியான பட்டியல். ஸ்க்ரீன்ஷொட் வேண்டாம், கணக்கிலிருந்து இறக்கிய கோப்பாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் விளம்பரக் கணக்குகளைச் சரிபார்ப்போர்