முதலில் காஜா, பிறகு கணக்கு: மிஸ் பஸ்ஸுக்கு ஒரு கடிதம்

பெருமதிப்பிற்குரிய ஃபிரான்சஸ் மேரி பஸ் அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் மறைந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நான் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறவள். லண்டனில் நீங்கள் நடத்திய பள்ளியைப் பற்றிப் படிக்கப் படிக்க, உங்களிடம் நேரில் கேட்க வேண்டியவை சேர்ந்துகொண்டே போயின. அதனால்தான் இந்தக் கடிதம்.

1880களில் மாலி என்றொரு பெண் உங்கள் நார்த் லண்டன் காலீஜியட் பள்ளியில் சேர வந்தாள். பின்னாளில் தன் பள்ளி நாட்களைப் பற்றி அவளே எழுதியிருக்கிறாள். சேர்க்கைத் தேர்வில் அவளிடம் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, சட்டைக்கு எடுப்பதுபோல ஒரு காஜா எடுத்துக் காட்டச் சொன்னார்கள். அவளுக்குத் தெரியவில்லை. கற்றுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்திலேயே பெண்களுக்கு ஆண்பிள்ளைகளுக்கு நிகரான கல்வி தரத் துணிந்த பள்ளி என்று பெயர் வாங்கிய இடம் அது. அந்தப் பள்ளியின் வாசலைத் தாண்ட ஊசியும் நூலும் வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கோபம் அத்துடன் நிற்கவில்லை, ஏனென்றால் உங்கள் விதிகளின் பட்டியல் நீண்டது. பள்ளிக்கு வரும் வழியில் மழையில் நனையக்கூடாது. தெருவில் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து நடக்கக்கூடாது. பென்சில் பெட்டியைக் கீழே போடக்கூடாது. புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டு வரக்கூடாது. படிகளில் ஓடக்கூடாது. காலணிப் பையை அதன் ஒற்றைக் கைப்பிடியில் மாட்டித் தொங்கவிடக்கூடாது, இரண்டு கைப்பிடிகளும் ஆணியில் இருக்க வேண்டும். விதியை மீறியவள் அதற்கென்றே வைத்திருந்த பதிவேட்டில் தன் குற்றத்தைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். உடைமாற்றும் அறையில் பேசிக்கொண்டிருந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி, என்பது போன்ற ஒரு வாக்கியம். அடி கிடையாது, திட்டு கிடையாது, வெறும் ஒப்புதல். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதுவே போதுமான தண்டனை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நெடுநாள் யோசித்தேன். அதற்கு விடை 1865ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில் கிடைத்தது.

அப்போது டான்டன் பிரபுவின் தலைமையில் அரசு ஆணையம் ஒன்று இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. பெண்களின் பள்ளிகளையும் ஆராய வேண்டும் என்று, பெண் கல்விக்காகப் போராடிய எமிலி டேவிஸ் வற்புறுத்தியதால் அவரையும் உங்களையும் சாட்சியம் அளிக்க அழைத்தார்கள். பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த அறையில் நீங்கள் நடுங்கிப்போனீர்கள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள்: உங்களிடம் வந்து சேரும் பெண்களுக்கு எளிய கணக்குக்கூடத் தெரியவில்லை. பிறகு ஆணையத்தைச் சேர்ந்த ஒருவர் உங்கள் இருவரையும் பாராட்டியது எதற்காக? சாட்சியத்தின் கூர்மைக்காகவோ, நீங்கள் எடுத்துவைத்த உண்மைகளுக்காகவோ அல்ல. உங்கள் பெண்மை கொஞ்சமும் குறையவில்லையே என்றுதான் அவர் வியந்தார். மிஸ் பஸ்ஸின் கண்களில் கண்ணீரையே கண்டோம் என்றாராம்.

அம்மையீர், இதைப் படித்த பிறகுதான் அந்தக் காஜா எனக்குப் புரிந்தது. உங்கள் பெண்களை ஊரே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்குப் படித்தவள் வீட்டுக்கு உதவமாட்டாள், லத்தீன் படித்தவளுக்கு அடக்கம் இருக்காது என்று சொல்ல ஆயிரம் வாய்கள் காத்திருந்தன. நனைந்த பாவாடையோடு கேம்டன் தெருவில் சிரித்துக்கொண்டு போகும் நாலு பெண்கள் போதும், பள்ளியின் பெயர் கெட்டுவிடும். காஜா எடுக்கத் தெரியாத ஒருத்தி போதும், அல்ஜீப்ராவைக் குறை சொல்ல. குறை சொல்ல ஒரு சாக்கும் கொடுத்துவிடக்கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள். உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த விதிகளுக்கு விலை கொடுத்தவர்கள் பெண்களே என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், அது என் பாடம் ஆயிற்றே. உங்கள் காலத்து வசதியான வீட்டுப் பெண்ணுக்குப் பியானோ, கொஞ்சம் பிரெஞ்சு, வண்ண ஓவியம், பூத்தையல் இவை போதும் என்று இருந்தது. வரலாறும் புவியியலும் கேள்வி பதிலாக மனப்பாடம். பெருக்கல் வகுத்தலுக்கு மேல் கணக்கு அநேகமாக இல்லை. 1863இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பையன்களுக்கு நடத்திவந்த உள்ளூர்த் தேர்வைப் பெண்களும் சோதனைக்காக எழுதிப் பார்க்கலாம் என்று சம்மதித்தது. தயாராவதற்குச் சுமார் ஆறு வாரம்தான் இருந்தது. எமிலி டேவிஸ் அலைந்து திரிந்து ஆள் சேர்த்தார். தேர்வு எழுதிய 83 பேரில் 25 பேர் உங்கள் பள்ளிப் பெண்கள். மற்றப் பாடங்களில் நன்றாகவே செய்தார்கள். கணக்கில் மட்டும் பெரிய வீழ்ச்சி: மூத்த பிரிவில் எழுதிய 40 பேரில் 34 பேர் தவறினார்கள்.

இந்த முடிவை மூடி மறைக்கவோ, வினாத்தாள் கடினம் என்று சாக்குச் சொல்லவோ உங்களால் முடிந்திருக்கும். நீங்கள் கணக்கு சொல்லித்தரும் முறையையே மாற்றினீர்கள். இரண்டே ஆண்டுகளில், 1865இல், பெண்கள் அந்தத் தேர்வை முறையாகவே எழுதலாம் என்று பல்கலைக்கழகம் கதவைத் திறந்தபோது கணக்கில் தவறியவர்கள் மிகச் சிலரே. பெண்களின் மூளைக்குக் கணக்கு ஏறாது என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் எங்கும் படித்ததில்லை. 1875இல் நீங்கள் கணக்கு சொல்லிக்கொடுக்க அழைத்துவந்த சோஃபி பிரையன்ட் என்ற இளம் விதவை, 1884இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டத்தைப் பெற்றார். இங்கிலாந்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். உங்களுக்குப் பிறகு தலைமையாசிரியை நாற்காலியில் அமர்ந்தவரும் அவரே. ஆளைக் கண்டுபிடிப்பதில் உங்களுக்கு இருந்த கண் அபாரமானது.

1874இல் ஹென்றி மாட்ஸ்லி என்ற மனநல மருத்துவர், மூளைக்கு வேலை கொடுத்தால் பெண்களின் உடல்நலம் கெட்டு, தாய்மைக்கே கேடு வரும் என்று பத்திரிகையில் எழுதினார். மருத்துவரான எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அவருக்கு அச்சிலேயே மறுப்பு எழுதினார். நீங்கள் உங்கள் பள்ளியின் அன்றாட ஒழுங்கைக் கொண்டு மறுத்தீர்கள். பாடங்கள் காலை வேளையில் மட்டும். மதியத்துக்கு மேல் விரும்பியவர்கள் தங்கி வீட்டுப்பாடத்தை முடிக்கலாம். இசைக்கேற்பக் கைகால் அசைக்கும் உடற்பயிற்சி உண்டு. இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடைகளை நீங்கள் ஏற்கவில்லை. மாதம் ஒருமுறை ஏழைகளுக்காகத் துணி தைக்கும் டோர்காஸ் கூட்டம் நடந்தது. இந்தத் தையல் கூட்டத்தை நான் அதிகம் மெச்சவில்லை, அந்த நேரத்தில் விளையாட விட்டிருக்கலாம்.

உங்கள் பள்ளியில் என்னை மிகவும் கவர்ந்தது ஓர் எழுதப்படாத மரபு. எந்தப் பெண்ணும் இன்னொருத்தியிடம் நீ எங்கே குடியிருக்கிறாய், உன் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்பதில்லை. அப்பா பிஷப்பாகவும் இருக்கலாம், எலி பிடிக்கிறவராகவும் இருக்கலாம் என்று உங்கள் மாணவி சாரா பர்ஸ்டால் எழுதியிருக்கிறார். மதத்திலும் அப்படியே. ஆங்கிலத் திருச்சபையைச் சேராத பிள்ளைகளும், யூதக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெற்றோர் விரும்பாவிட்டால் சமய வகுப்புக்குப் பிள்ளை வர வேண்டியதில்லை. அந்த நாளில் வணிகர் மகளோடு தன் மகள் பேசுவதைக்கூடப் பொறுக்காத கனவான்கள் இருந்தார்கள். தனியார் பெண்கள் பள்ளிகள் பலவும் அந்தப் பெருமையை விற்றே பிழைத்தன. நீங்கள் அதற்கு இடம் தரவில்லை.

உங்கள் வாழ்க்கையே இதற்குக் காரணம் என்று படுகிறது. ஓவியரான தந்தையின் வருமானம் நிலையில்லாதது. 14 வயதிலேயே நீங்கள் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினீர்கள். கென்டிஷ் டவுனில் தாயும் மகளுமாகச் சேர்ந்து பள்ளி நடத்தியது குடும்பத்தைக் காப்பாற்ற. பகல் முழுதும் வகுப்பு எடுத்துவிட்டு, மாலையில் ஹார்லி தெருவின் குயின்ஸ் கல்லூரி விரிவுரைகளுக்குப் போனீர்கள். 1850 ஏப்ரல் 4 அன்று கேம்டன் தெரு 46ஆம் எண் வீட்டில் 35 மாணவிகளோடு புதிய பள்ளியைத் திறந்தபோது உங்களுக்கு 22 வயது. உங்கள் தந்தையும் அங்கே ஓவியமும் அறிவியலும் நடத்தினார். பணமில்லாத வீட்டுப் பெண் படிப்பில்லாமல், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கவர்னஸ் வேலைக்குப் போய்ப் படும் பாட்டை நீங்கள் அருகிருந்து பார்த்தவர்.

அந்தப் பள்ளி உங்கள் சொந்தச் சொத்தாக இருந்தது. நல்ல வருமானமும் வந்தது. 1870களின் தொடக்கத்தில் அதை அப்படியே அறங்காவலர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு, அதிலேயே சம்பளம் வாங்கும் தலைமையாசிரியை ஆனீர்கள். குறைந்த கட்டணத்தில் கேம்டன் பள்ளி என்று இன்னொன்றையும் 1871இல் தொடங்கினீர்கள், பழைய கேம்டன் தெருக் கட்டடத்திலேயே. ஆண்பிள்ளைகளின் பள்ளிக்கு அள்ளிக் கொடுத்த லண்டன் செல்வர்கள் உங்களிடம் கையை இறுக்கிக்கொண்டார்கள். ப்ரூவர்ஸ், க்ளோத்வொர்க்கர்ஸ் என்ற பழைய வணிக சங்கங்களின் நிதி வந்து சேரும்வரை நீங்கள் பட்ட அலைச்சலுக்கு அளவில்லை. உங்களையும், செல்ட்டனம் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை மிஸ் பீலையும் சேர்த்து, மன்மதன் அம்பு இவர்களைத் தைக்காது, நம்மைப்போல அல்ல இவர்கள் என்று யாரோ கட்டிய பாட்டுதான் இன்றைக்கும் ஊரில் உலவுகிறது. சொத்தைத் தூக்கிக் கொடுத்ததைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை.

இனி, எனக்கு உங்களிடம் இருக்கும் வருத்தம். லிலியன் மரேயை நினைவிருக்கும். கேம்டன் பள்ளியிலிருந்து உதவித்தொகை பெற்று உங்கள் பெரிய பள்ளிக்கு வந்த பெண். காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியையாகப் போ என்று நீங்கள் அவளுக்கு வழி வகுத்தீர்கள். அவள் மாட்டேன் என்றாள். அப்படியானால் வேறெதுவும் நீ செய்ய முடியாமல் செய்துவிடுவேன் என்று நீங்கள் சினந்தீர்கள். நான் பல் மருத்துவர் ஆவதை உங்களால் தடுக்க முடியாது என்று அவள் சொன்னாள். அதற்கு முன்னால் அந்தத் தொழிலைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பள்ளியை விட்டு ஒரு பல் மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தாள்.

அம்மையீர், அந்த நேரத்தில் நீங்கள் செய்தது தவறு. பெண்ணுக்கு இதுதான் வேலை என்று ஊர் விதித்ததை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடிய நீங்கள், ஒரு மாணவிக்கு இதுதான் வேலை என்று விதித்தீர்கள். அன்புள்ள ஆசிரியர்களுக்கு இது அடிக்கடி நேரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு உங்கள் முகத்துக்கு நேராக அப்படிப் பதில் சொல்லும் தெம்பு எங்கிருந்து வந்தது? பென்சில் பெட்டி விழுந்தால் கையெழுத்து வாங்கிய பள்ளியேதான் அதையும் தந்திருக்கிறது. சொன்னதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடப் பழகியவள் அவள்.

லண்டனின் நேஷனல் பல் மருத்துவமனைக்கு நேர்காணலுக்குப் போனபோது, பெண்ணை உள்ளே விடக்கூடாது என்று அதன் முதல்வர் நடைபாதையில் நிற்கவைத்தே அவளிடம் பேசி அனுப்பிவிட்டார். எடின்பரோ சேர்த்துக்கொண்டது. நீங்கள் 1894 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறந்தீர்கள். அடுத்த ஆண்டு, 1895இல், பிரிட்டனில் தகுதி பெற்ற முதல் பெண் பல் மருத்துவர் ஆனாள் லிலியன். திருமணத்துக்குப் பிறகு லிலியன் லின்ட்சே என்ற பெயரில், 1946இல் பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் ஆனார்.

கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்றே இருந்த கர்ட்டன் கல்லூரிக்குப் போனவர்கள், பட்டம் வாங்கியவர்கள், சாரா பர்ஸ்டால்போல மற்றொரு பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனவர்கள் என்று உங்கள் மாணவிகளின் வரிசை நீண்டது. அதில் லிலியனின் பெயரை நான் முதலில் எழுதுவேன், உங்களுக்குச் சம்மதமா?

மரியாதையுடன்,
கணக்கு ஆசிரியை ஒருத்தி