ராஜ்மாவை முதலில் கொதிக்க வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்லோ குக்கர் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரம்) சமையல் குறிப்பு தருபவர்கள், ராஜ்மாவை 'ஊறவைத்து அப்படியே போடுங்கள்' என்று தயவுசெய்து எழுத வேண்டாம். அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். குறைந்த சூட்டில் கொதிநிலையை எட்டாமலே பயறு மெத்தென்று ஆகிவிடும். விரலால் நசுக்கினால் வெந்ததுபோலத்தான் தெரியும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அடுப்பில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே ஸ்லோ குக்கரில் சேர்க்க வேண்டும். தக்காளி கடைசியில்தான், புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் தோல் இளகாது. மூடியையும் அடிக்கடி திறக்காதீர்கள். போன சூடு திரும்ப 15, 20 நிமிடம் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்